வரைவில் இருந்த ஒரு வரி

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் பாடம் எடுக்கிறேன். வீடு விழுப்புரத்தில். காலையில் பஸ் பிடித்துப் போய்ச் சாயங்காலம் பஸ் பிடித்து வருகிறேன். பதினேழு வருஷமாக இதுதான். ஐரோப்பாவில் எந்தெந்தக் கணினி ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் போகவேண்டும் என்று திட்டம் போடுகிற கூட்டத்தில் இப்படிப்பட்ட எனக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். ஒருமுறை அங்கே பேசினேன். பத்து நிமிஷம் கொடுத்தார்கள்.

எல்லாம் ஒரு மின்னஞ்சலில் தொடங்கியது. ஐரோப்பாவின் வடக்கே ஒரு நாட்டில், ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியை, பக்கவாதத்தாலோ நரம்பு நோயாலோ பேச்சு குழறிப்போனவர்களுக்காக ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தார். குழறலாகப் பேசினாலும் அது புரிந்துகொண்டு, அதே வாக்கியத்தைத் தெளிவான குரலில் திருப்பிச் சொல்லும். அவர்கள் பக்கத்து மொழிகள் நாலைந்தில் செய்தாயிற்று. முற்றிலும் வேறு மாதிரியான ஒரு மொழியிலும் அது வேலை செய்யுமா என்று பார்க்க ஆசைப்பட்டார். தமிழ்ப் பேச்சைக் கணினிக்குப் புரியவைப்பது பற்றி நான் எழுதியிருந்த சின்னக் கட்டுரை ஒன்று எப்படியோ அவர் கண்ணில் பட்டிருக்கிறது. மூன்று வருஷத் திட்டம், ஐரோப்பிய நாடுகளின் பொதுப்பணம். பேச்சு குழறிய பதினோரு பேரை இங்கே கண்டுபிடித்து, அவர்கள் குரலைப் பதிவுசெய்து அனுப்புவது என் பங்கு.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர், விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கிராமமான கெடாரைச் சேர்ந்தவர்.

விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஓர் இடத்தின் வராந்தாவில் அவரை முதலில் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். செத்துப்போன வலது கையை மடியில் போட்டு, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நான் திட்டத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அக்கா சொன்னார்: "கண்டக்டரா இருந்தாருங்க மேடம். இருவத்திரண்டு வருஷம் விழுப்புரம் திண்டிவனம் ரூட்டு. இவரு கத்துனா பஸ்ஸே அதுரும். இப்ப பாருங்க."

அவர் பஸ்ஸில் நான் எத்தனையோ தடவை போயிருக்க வேண்டும். முகம் நினைவில் இல்லை. அவருக்கும் என்னைத் தெரியவில்லை. தினமும் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள்.

பதிவுக்காகச் சனிக்கிழமைகளில் கெடாருக்குப் போவேன். வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய நிலம். அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார்கள். அக்கா காலையிலேயே வயலுக்குப் போய்விட்டு, நான் வருகிற நேரத்துக்குக் கைகால் கழுவிக்கொண்டு வந்துவிடுவார். பக்கவாதம் வந்து அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பாஷை உண்டாகியிருந்தது. கட்டில் சட்டத்தில் அவர் மோதிர விரலால் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் கழிப்பறை. புருவத்தைத் தொட்டால் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகளைக் கேட்கிறார் என்று அர்த்தம். மற்றதெல்லாம் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குத் தெரிந்துவிடும். நான் ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவர் சார்பில் அக்கா பதில் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

முதல் நாளே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. குரல் எதற்குப் பயன்படும், எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. நானே தமிழில் எழுதிய படிவம்தான். இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். அக்கா கேட்டார்: "மூணு வருஷத்துக்கு அப்புறம்?"

"அப்புறமும் தொடரும்னுதான் நினைக்கிறேங்கக்கா," என்றேன்.

படிவத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே இருந்தது, திட்டக் காலம் முடியும்வரை என்பது மட்டும்தான்.

பதிவு எளிதாக இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆறு தடவை சொல்லவேண்டும். வாக்கியப் பட்டியல் அங்கிருந்து வந்தது, நான் மொழிபெயர்த்திருந்தேன். "வெளியே பனி பெய்கிறதா?" என்று ஒரு வாக்கியம். கவனிக்காமல் அதையும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். திரையில் அதைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளச் சிரித்தார். அன்று வேறெதையும் பதிவுசெய்ய முடியவில்லை. அடுத்த வாரம் பட்டியலையே மாற்றினேன். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் என்று அவர் ரூட்டின் பெயர்களைச் சேர்த்தேன். 'உள்ளே போங்க', 'சில்லறையா குடுங்க' என்பவற்றைச் சேர்த்தேன். அவற்றை ஆறு தடவை கேட்டால் பத்துத் தடவை சொன்னார். எச்சில் வழிந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். என் காதுக்கு எல்லாம் ஒரே மாதிரி இழுவையாகத்தான் கேட்டது. ஆறேழு மாதம் கழித்துத்தான் விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. கணினிக்கு அதைவிடச் சீக்கிரம் பிடிபட்டது.

இரண்டாவது வருஷம் நடுவில் அவருடைய போனில் அதைப் போட்டுக்கொடுத்தேன். அவர் பேசினால் போன் அதை இணையத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பும், அங்கே பல்கலைக்கழகத்தில் இருக்கும் பெரிய கணினி புரிந்துகொள்ளும், மூன்று நாலு விநாடியில் தெளிவான தமிழ் திரும்பி வரும். முதல்முதலாக என்ன சொல்லப்போகிறார் என்று நானும் அக்காவும் எதிரில் நின்றோம். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து நீளமாக ஏதோ சொன்னார். நாலு விநாடி. போன் பேசியது.

"ஃபேனை மூஞ்சிக்கு நேரா வெக்காத. கண்ணு எரியுது. மூணு வருஷமா சொல்றேன்."

அக்கா ஓடிப்போய் மேசை ஃபேனைத் திருப்பினார். திருப்பிவிட்டு அங்கேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "காத்து வரணும்னுதானே வெச்சேன்," என்றார். "எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேனே." அழுதாரா சிரித்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருஷம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். தினமும் மகளோடு போனில் பேசினார். நிலத்தில் ஆள் விடுவது, மோட்டார் ரிப்பேர், எல்லாவற்றிலும் தலையிட்டார். அக்காவுக்கே சில நாள் அலுத்துப்போனது. "முன்ன பேஜாரு இல்லாம இருந்துச்சி மேடம். இப்ப நாள் பூரா நொய்நொய்னு கேள்வி," என்று என்னிடம் புகார் சொல்வார், சந்தோஷமாக. மெதுவாக நடந்து டீக்கடைக்கும் போக ஆரம்பித்தார். ஒரு குறைதான். தமிழுக்கு எங்களுக்குக் கிடைத்த இயந்திரக் குரல் ஒரு பெண்ணின் குரல். டீக்கடையில் அவர் போனை எடுத்தாலே சிரிக்கிறார்களாம்.

திட்டத்தின் கடைசி வருஷத்தில் பேராசிரியையிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. அடுத்த சில வருஷங்களுக்குக் கணினித் துறையில் எந்தெந்த ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் கொடுப்பது என்று அங்கே பட்டியல் தயாராகிறது. முதலில் ஒரு வரைவு வரும், அதன்மேல் கருத்துக் கேட்பார்கள், பிறகு இறுதிப் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒரு துறையின் பெயர் இல்லையென்றால் அந்தத் துறைக்காரர்கள் விண்ணப்பிக்கக்கூட முடியாது. "நம்முடைய வேலை இப்போதைய வரைவில் எங்கேயும் இல்லை," என்று எழுதியிருந்தார். "ஒரு வரி உள்ளே போனால் போதும். நேரில் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்த நீங்கள் வந்து பேசினால் எடுபடும். இணையத்திலேயே கூட்டம்."

நான் கெடாருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "அங்க பெரிய கூட்டம்ணா. உங்களைப் பத்தித்தான் பேசப்போறேன். அவங்களுக்கு நீங்க என்ன சொல்லணும்?"

அவர் போனை வாயருகே கொண்டுபோனார்.

"ஆம்பளக் கொரலு வெக்கச் சொல்லுங்க. டீக்கடையில மானம் போவுது."

"சரி, அப்புறம்?"

அடுத்ததைச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "நான் பேசறது அவ்ளோ தூரம் போய்த்தான் திரும்பி வருதாமே. அந்த ஊர்க்காரங்களுக்கு தேங்க்ஸ் சொல்லுங்க."

அதை என் போனிலும் பதிந்துகொண்டேன். முதலில் அவர் குரல், பிறகு இயந்திரத்தின் குரல்.

கூட்டத்தன்று அங்கே காலை, இங்கே மதியம். என் வகுப்பை இன்னொருவருக்கு மாற்றிவிட்டு, கல்லூரியில் தேர்வுத் தாள்கள் வைக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முப்பது முகங்கள். எனக்கு முன்னால் ஒருவர் கணினிச் சில்லுகளை இனி அவர்களே செய்துகொள்ளவேண்டும் என்று பேசினார். இன்னொருவர் வலைப்பின்னல் பாதுகாப்பு பற்றி. அவர்கள் பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது அவசரம் என்று கேட்கிற எனக்கே புரிந்தது.

என் முறை வந்தபோது கெடார்க்காரரைப் பற்றிச் சொன்னேன். ஃபேன் கதையைச் சொன்னேன், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பதிவைப் போட்டேன். அந்த அறையில் அவருடைய இழுவையான குரல் நிறைந்தது. முப்பது கட்டங்களிலும் யாரும் அசையவில்லை. அப்புறம் அந்தப் பெண் குரல். கடைசியில் அவர் நன்றி சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

தலைமை வகித்தவர் நரைத்த தாடிக்காரர், நல்ல மனுஷராகத் தெரிந்தார். மனசைத் தொட்டுவிட்டது என்றார். அதைச் சொல்லிவிட்டு, "இதை வருத்தத்தோடுதான் கேட்கிறேன். இதில் ஐரோப்பாவுக்கு என்ன கூடுதல் பயன் என்று எப்படி எழுதுவது?" என்றார்.

 அந்தக் கேள்வி நியாயமானதுதான். அவர்கள் ஊர் ஜனங்கள் கட்டுகிற வரி. என் ஊர்க்காரருக்குக் குரல் வேண்டுமென்றால் என் ஊரில்தான் கேட்கவேண்டும். இங்கேயும் இரண்டு இடத்தில் விண்ணப்பித்துப் பார்த்தவள்தான் நான், பதில்கூட வரவில்லை. அதை அங்கே சொல்லி என்ன பயன்? பேராசிரியைதான் குறுக்கே புகுந்து, பக்கவாதம் எல்லா ஊரிலும் வருகிறது, சின்ன மொழிகள் ஐரோப்பாவிலும் இருக்கின்றன என்று பேசி என் பத்து நிமிஷத்தை முடித்துவைத்தார். வெளியே கல்லூரி மணி அடித்தது. திரையில் ஒரு கட்டத்தில் இருந்த பெண் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் கையசைத்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் பேராசிரியையிடமிருந்து செய்தி. கருத்துகளைச் சேர்த்துத் திருத்துகிற குழு ஒரு பத்தி எழுதித் தரச் சொல்லியிருக்கிறது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டே மனசுக்குள் எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்து டைப் செய்து அனுப்பினேன். ஒரு கிராமத்தில் ஒரு மனுஷர், அவருக்கு இப்படி ஆனது, இது அவருக்கு என்ன செய்தது என்று.

"அருமையாக இருக்கிறது. ஆனால் தனி மனிதரைப் பற்றி இந்த ஆவணத்தில் எழுத இடமில்லை," என்று பதில் வந்தது. கண்டக்டரை எடுத்தேன். 'பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்கள், குறிப்பாகத் தமிழ் போன்ற மொழிகளில்' என்று மாற்றினேன். தமிழ் என்கிற பெயர் இருந்தால் வெளிநாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்றார். தமிழை எடுத்தேன். பிறகு பத்தி நீளம், ஒரே வாக்கியமாக வேண்டும் என்றார்கள். பக்கவாதம் என்று ஒரு நோயை மட்டும் சொன்னால் மற்ற நோய்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று அதுவும் போனது. கடைசியில் நின்றது இதுதான்: 'வழக்கமான பேச்சிலிருந்து மாறுபட்ட பேச்சுள்ளோரையும் உள்ளடக்கிய மொழித் தொழில்நுட்பங்கள்.' ஒவ்வொரு சொல்லையும் நான்தான் வெட்டினேன். யாரும் என் கையைப் பிடித்து வெட்டவில்லை. வெட்டவெட்ட இன்னும் கொஞ்சம் பாதுகாப்பாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அந்த வரி வரைவில் வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில், ஓர் அட்டவணைக்குக் கீழே. பேராசிரியை ஆச்சரியக்குறிகள் போட்டு எழுதியிருந்தார். நான் அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டு கெடாருக்குப் போனேன். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் தன் இடது கை விரலை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"எம் பேரு எங்க?" என்று கேட்டது போன்.

"பேரெல்லாம் போட மாட்டாங்கண்ணா. ஆனா இது நீங்கதான்."

நம்பினார். அக்கா அந்தக் காகிதத்தை மடித்து ரேஷன் கார்டு இருந்த பையில் வைத்தார்.

ஐந்து மாதம் கழித்து இறுதி ஆவணம் வெளியானது. மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே தேடினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் வேறு எதுவோ இருந்தது. அங்கே இல்லையென்றால் வேறு பக்கத்துக்கு நகர்த்தியிருப்பார்கள் என்று, ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்துத் தேடினேன். 'பேச்சு' என்று தேடினால் மூன்று இடத்தில் வந்தது. மூன்றும் தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் குரலால் உத்தரவு கொடுப்பது பற்றியவை. ஓர் இடத்தில் மட்டும் 'மனிதரை மையமாகக் கொண்ட தொழில்நுட்பங்கள்' என்று இருந்தது. எங்கள் வரியை அதற்குள் சேர்த்துவிட்டார்கள் என்று பேராசிரியை பிறகு விளக்கினார். அவருக்கும் அது நிச்சயமாகத் தெரியவில்லை. யார் எடுத்தார்கள், எந்தக் கூட்டத்தில் எடுத்தார்கள் என்று கேட்டுப்பார்த்தாராம். யாருக்கும் நினைவில்லை. எதிர்த்து ஒருவரும் பேசவில்லையாம். பக்கங்களைக் குறைக்கச் சொன்னபோது போயிருக்கும் என்றார்.

அடுத்து வந்தது அழிப்பதற்கான கடிதம். திட்டக் காலம் முடிகிறது. விதிப்படி குரல் பதிவுகளை அழிக்கவேண்டும், பெரிய கணினியில் ஓடுகிற சேவையையும் நிறுத்தவேண்டும். என்னிடம் இருக்கும் பிரதிகளையும் அழித்துவிட்டு உறுதிக் கடிதம் அனுப்பச் சொன்னார்கள். அதே வேலையைக் கல்லூரிக் கணினி ஒன்றில் ஓட்ட முடியுமா என்று முதல்வரிடம் போய் நின்றேன். முழுவதையும் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. இது ஓடறதால காலேஜுக்கு என்ன கணக்கு காட்டுவீங்க? பேப்பர் வருமா, பேட்டன்ட் வருமா?"

"வராதுங்க சார். பதினோரு பேரு பேசுவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். அத்தோடு முடிந்தது. என் சொந்த மடிக்கணினியில் ஓட்டிப்பார்த்தேன். ஒரு வாக்கியத்துக்கு மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டு தவறாகச் சொன்னது. ஒரு மாதம் முட்டிப்பார்த்துவிட்டு விட்டேன்.

இதையெல்லாம் கெடாரில் நான் சொல்லவில்லை. சேவை நிற்க அப்போது இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் நாலு சனிக்கிழமை போனேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடவேண்டும் என்றே போவேன். அவர் மல்லாட்டை விலையைப் பற்றிப் பேச்செடுப்பார், மகள் முழுகாமல் இருக்கிற சேதியைச் சொல்வார். அதற்கு நடுவில் எப்படிச் சொல்வது? டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அக்காவிடமிருந்து போன்.

"மேடம், நேத்துல இருந்து அது பேச மாட்டேங்குது. வட்டமா சுத்திக்கினே இருக்குது. இவரு கத்திக்கினே இருக்காரு. கொஞ்சம் ஜல்தியா வந்து பார்க்குறீங்களா? நெட்டு கார்டு போட்டுப் பார்த்துட்டோம், சரியாவல."

கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கெடாருக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதை எடுத்து நீட்டினார், ரிப்பேருக்குக் கொடுப்பது போல. நான் வாங்கிக்கொள்ளவில்லை.

"அண்ணா, இது ரிப்பேர் இல்ல. அங்க நிறுத்திட்டாங்க."

அக்காதான் கேட்டார். "எப்ப மறுபடி போடுவாங்க?"

"போட மாட்டாங்கக்கா. திட்டம் முடிஞ்சுபோச்சு."

"அந்தப் பேப்பர்ல இருக்குதுன்னீங்களே?" என்று ரேஷன் கார்டுப் பையை எடுக்கப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். அதிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று அக்கா கேட்டார். ரெண்டு மாசமா என்றேன். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்டக்டர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மூன்று வருஷம் கேட்ட காது, எனக்குப் பாதி புரிந்தது. மகள் என்பது புரிந்தது. பிரசவம் என்பதோ என்னவோ. மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை. போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடுப்புச் சொல்லியிருந்தும் அன்று மதியம் கல்லூரிக்குப் போய், என்னிடம் இருந்த பிரதிகளை அழித்தேன். விதி அது. ஆனால் விதிக்குப் பயந்து அழித்தேனா, வைத்திருந்தால் கேட்கவேண்டியிருக்கும் என்று அழித்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. பழைய நிலைமைக்குத்தானே திரும்புகிறார்கள், முன்பு சமாளித்த மாதிரி சமாளிப்பார்கள் என்று நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அப்படி ஆகவில்லை. ஒன்றரை வருஷத்தில் அவர்களுடைய பழைய பாஷை போய்விட்டது. அடுத்த தடவை போனபோது அவர் கட்டில் சட்டத்தில் இரண்டு முறை தட்டினார், அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதைத் தட்டிவிட்டார். முன்பெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்ன அக்கா, ஃபேன் விஷயத்துக்குப் பிறகு தன் ஊகத்தை நம்புவதை விட்டுவிட்டிருந்தார். "இதுவா? அதுவா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் தலையாட்டி அலுத்துப்போனார். கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறாராம். முன்பு பேச முடியாதபோதும் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டாவது இருப்பார்.

பேராசிரியையும் நொந்துபோயிருந்தார். அவருடைய ஆய்வகத்தில் பாதிப் பேரை அனுப்பவேண்டிவந்தது. சில மாதம் கழித்து எழுதினார். புதிய பட்டியலின்படி, கிடங்குகளில் சத்தத்துக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்கிற இயந்திரங்களுக்கு விண்ணப்பம் போடுகிறார். பழைய ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம், விருப்பமா என்று கேட்டிருந்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சரி என்று பதில் எழுதினேன். விண்ணப்பத்தில் என் முன் அனுபவம் என்கிற இடத்தில் கெடார் வேலையை ஒரு வரியில் எழுதினேன். அந்த விண்ணப்பம் தேர்வானது. இப்போது அந்த வேலையைத்தான் செய்கிறேன். நன்றாக நடக்கிறது.

சனிக்கிழமைகளில் கெடாருக்குப் போவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் போவேன், கொஞ்ச நேரம் எதிரில் உட்காருவேன். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளக்கூடிய மனுஷர்கள் உலகத்தில் யாராவது இருந்தால் அதில் நானும் ஒருத்தி என்று ஒரு நினைப்பு. என்னைப் பார்த்தால் அவரும் பேச முயற்சி செய்வார். முதல் வாக்கியம் சில சமயம் பிடிபடும். இரண்டாவது பிடிபடாது. மூன்றாவதுக்குள் அவருக்கு மூச்சு வாங்கும், கண் சிவந்துபோகும்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு தடவை அப்படிப் போய்விட்டுக் கிளம்பினேன். அக்கா என்னோடு ரோடு வரைக்கும் வந்தார். வழக்கமாக வாசலோடு நின்றுவிடுவார். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதீங்க. இனிமே வராதீங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இல்லை.

"உங்களைப் பார்த்தா அவருக்குப் பேசணும்னு வந்துடுது. நீங்க போனப்புறம் ரெண்டு நாளு சாப்புட மாட்டேங்கிறாரு. நீங்க வரலைனா சும்மா படுத்துக்கினு இருக்காரு. அதுவே தேவலை."

"சரிங்கக்கா," என்றேன்.  செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகிற பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அக்கா வயல் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாக, விழுப்புரத்தில் அந்தப் பேச்சுப் பயிற்சி இடத்தில் யாரோ சொன்னார்கள்.